ஐந்து நிமிடச் சராசரிக்குள் ஒளிந்திருப்பவை

நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் கூடினால் சலிக்காமல் திரும்பி வரும் கேள்வி ஒன்று உண்டு. இணைப்புகளில் ஓடும் போக்குவரத்தை வரைபடமாகக் காட்டும் பழைய காக்டியை அப்படியே ஓடவிடலாமா, இல்லை எண்களைச் சேகரிக்கும் புரொமீதியஸ், அவற்றை வரையும் கிராஃபானா என்று மாறிவிடலாமா? கேட்பவருடைய குரலிலேயே பாதி விடை இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர் பழையதைத் தூக்கி எறிய அனுமதி கேட்கிறார். தலை நரைத்தவர் எறியாமல் இருக்க ஒரு காரணம் கேட்கிறார். இரண்டு தரப்போடும் வேலை செய்திருக்கிறேன். இரண்டு தரப்பும் பெரும்பாலும் திரையின் அழகைப் பற்றியே பேசுவதைக் கவனித்திருக்கிறேன்.

நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை. இந்தக் கருவி பழைய தரவை எப்படி மறக்கிறது? தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று காட்டுகிறதா, அல்லது ஏதோ ஒரு கோட்டை வரைந்து சமாளிக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் நிறம், எழுத்துரு, இருண்ட பின்னணி எல்லாம் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவை.

இந்தக் கண்காணிப்புக் கருவிகள் எல்லாவற்றுக்கும் மூத்தது எம்ஆர்டிஜி. 1994இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெளியுலகத்தோடு இருந்த இணைப்பு 64 கிலோபிட். அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்பியதால் டோபியாஸ் ஓட்டிக்கர் பெர்ல் மொழியில் ஒரு நிரலை எழுதினார். அது செய்வது எளிமையான வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரிடம் எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களிடம் நிலவரம் கேட்கும் பொதுமொழி) வழியாக, இந்தப் போர்ட்டில் இதுவரை எத்தனை பைட் வந்தது, எத்தனை பைட் போனது என்று கேட்கும். போன முறை சொன்ன எண்ணைக் கழிக்கும். 300 நொடியால் வகுக்கும். வந்ததைப் பச்சைப் பரப்பாகவும் போனதை நீலக் கோடாகவும் வரைந்து ஒரு படமாக வைத்துவிடும். யாரும் பார்க்காவிட்டாலும் வரைந்துகொண்டே இருக்கும். புதிய நேரம் இடது ஓரத்தில் தொடங்கும் என்பது அதன் பிறவிக் குணம். வலப்பக்கம் வளர வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு வரியை அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். இன்றுவரை அப்படித்தான்.

1999இல் அதன் சேமிப்பையும் வரைதலையும் தனியாகப் பிரித்து அவரே ஆர்ஆர்டிடூலை வெளியிட்டார். பார்க்கக் கேட்கும்போது மட்டும் வரைந்தால் போதும் என்ற நிலை அதனால் வந்தது. 2001இல் வந்த காக்டி அதன்மேல் போட்ட பிஎச்பி முகப்பு. முனின், ஸ்மோக்பிங், அப்சர்வியம், அதிலிருந்து 2013இல் பிரிந்த லிப்ரெஎன்எம்எஸ் எல்லாமே அடியில் அதே ஆர்ஆர்டிடூலை நம்பியவை. 'பழைய கருவிகள்' என்று நாம் சொல்லும் கூட்டத்தின் பெரும்பகுதி, உண்மையில் ஒரே சேமிப்பு முறையின் மேல் கட்டிய வெவ்வேறு முகப்புகள்.

புதிய கூட்டத்தின் பிறப்பு வேறு இடத்தில். புரொமீதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கியது. 2016இல் கூபர்நெட்டீஸுக்கு அடுத்த இரண்டாவது திட்டமாக, கிளவுட் மென்பொருள்களைப் பேணும் சிஎன்சிஎஃப் அமைப்பில் சேர்ந்தது. கிராஃபானா 2014இல் கிபானா என்ற வரைபடக் கருவியின் மூன்றாம் பதிப்பிலிருந்து கிளைத்தது. இவை நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து மறையும் சர்வர் நிரல்களைக் கண்காணிக்க உருவானவை. சுவிட்சும் ரவுட்டரும் அவற்றின் கவனத்தில் முதலில் இல்லை. அதனால்தான் புரொமீதியஸ் ஒரு சுவிட்சோடு பேச வேண்டுமானால் நடுவில் எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் என்ற துபாஷி தேவைப்படுகிறது. அந்த துபாஷிக்கு எந்தெந்த எண்களைக் கேட்பது என்று சொல்லித்தர ஒரு ஜெனரேட்டர், அதற்கு, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் சாதன நிறுவனங்களின் எம்ஐபி கோப்புகள் என்று சங்கிலி நீளும். ஒரு நாள் மாலையில் முடித்துவிடலாம் என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் இந்த எம்ஐபி கோப்புகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

மறக்கும் விதம்

ஆர்ஆர்டிடூல் தரவை வைக்கும் ஓர் ஆர்ஆர்டி கோப்பு உருவாகும் நொடியிலேயே அதன் அளவு முடிவாகிவிடுகிறது. இடம் நிரம்பியதும் மிகப் பழைய மதிப்பின்மேல் புதியதை எழுதும். அதற்கு முன்பு பழையதைச் சுருக்கிச் சராசரியாக்கி அடுத்த அடுக்கில் போட்டுவைக்கும். எம்ஆர்டிஜியின் வழக்கமான அடுக்குகள் நான்கு: ஐந்து நிமிட மதிப்புகள் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக, அரை மணி மதிப்புகள் 12 நாள், இரண்டு மணி மதிப்புகள் 50 நாள், ஒரு நாள் மதிப்புகள் இரண்டு ஆண்டு. பத்து ஆண்டுகள் ஓடினாலும் கோப்பு ஒரு பைட்கூடப் பெருக்காது. வட்டு நிரம்பிக் கண்காணிப்பு சர்வர் நள்ளிரவில் நின்றுபோவது என்ற கதையே அங்கே கிடையாது. அந்த நிம்மதியை அனுபவித்தவர்கள் அதைச் சுலபத்தில் விடமாட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு கிகாபிட் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாளின் பரபரப்பான இரண்டு மணி நேரத்தில் 900 மெகாபிட், மீதி 22 மணி நேரத்தில் 200 மெகாபிட் ஓடுகிறது. அந்த இரண்டு மணி நேரமும் பயனர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். இதே நாள் ஆண்டு வரைபடத்துக்குப் போகும்போது ஒரே ஒரு புள்ளியாகச் சுருங்குகிறது. கணக்குப் போட்டால் 258 மெகாபிட். இணைப்பைப் பெரிதாக்கப் பணம் கேட்டு அந்த ஆண்டு வரைபடத்தை மேலாளர் முன் வைத்தால், கால்வாசிதான் பயன்படுகிறது, எதற்குப் பெரிதாக்க வேண்டும் என்று கேட்பார். அவர் கேட்பதில் தவறே இல்லை. படம் அப்படித்தான் சொல்கிறது.

இதற்கு மருந்து ஆர்ஆர்டிடூலிலேயே இருக்கிறது. சராசரியோடு உச்ச மதிப்புக்கும் தனி அடுக்கு வைக்கலாம். எம்ஆர்டிஜியிலும் வாரம், மாதம், ஆண்டுப் படங்களில் உச்சத்தைச் சேர்த்து வரைய ஓர் அமைப்பு உண்டு. ஆனால் கோப்பு உருவாகும்போதே உச்சத்தைச் சேர்த்துவைக்காவிட்டால், கழிந்த நாள்களின் உச்சம் எந்த மந்திரத்துக்கும் திரும்பி வராது. பழைய கருவியை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுப்பவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உச்ச அடுக்கு இருக்கிறதா? பதில் இல்லையென்றால், அவருடைய ஆண்டு வரைபடம் ஓர் அலங்காரப் பொருள்.

புரொமீதியஸ் இப்படிச் சுருக்குவதில்லை. வாங்கிய மதிப்பை வாங்கியபடியே வைத்திருந்து, காலக்கெடு முடிந்ததும் முழுதாக அழித்துவிடுகிறது. தானாக அமைந்துள்ள கெடு 15 நாள். நிறுவும்போது இதை மாற்றாமல் விட்டவர்களுக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் விஷயம் தெரியவரும். போன காலாண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கிராஃபானாவில் தேதியைப் பின்னால் தள்ளுவார்கள், வரைபடப் பலகை வெறுமையாக இருக்கும். ஆர்ஆர்டி மங்கலாகவாவது நினைவில் வைத்திருக்கும். இது துல்லியமாக நினைவில் வைத்திருந்து ஒரே வெட்டாக வெட்டிவிடும்.

கெடுவை நீட்ட ஒரு வரி போதும். வட்டு தாங்காது என்று அஞ்சுபவர்களுக்காக ஒரு கணக்கு. 48 போர்ட் சுவிட்ச் ஒன்று. போர்ட்டுக்குப் பத்து கவுண்ட்டர் (பைட், பாக்கெட் போன்றவற்றை எண்ணும் எண்) என்றால் 480 தொடர்கள். 15 நொடிக்கு ஒருமுறை வாங்கினால் ஒரு தொடருக்கு நாளொன்றுக்கு 5,760 மதிப்புகள். மொத்தம் 27 லட்சத்து 64 ஆயிரத்து 800. புரொமீதியஸ் ஒரு மதிப்பைச் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு பைட்டுக்குள் அடக்குகிறது. இரண்டு பைட் என்றே வைத்தாலும் நாளுக்கு ஐந்தரை மெகாபைட், ஆண்டுக்கு இரண்டு கிகாபைட். 1990களில் இது கனவு. இன்று ஒரு பொருட்டே இல்லை. சேமிக்க முடியாது என்பதால் பழையதிலேயே இருக்கிறேன் என்ற வாதத்துக்கு இனி உயிர் இல்லை.

சேமிப்பது எளிது, ஓராண்டுத் தரவைத் திரும்பப் படிப்பதுதான் பாரம். கோடிக்கணக்கான மதிப்புகளை அள்ளிக் கூட்டிப் பிரித்து ஆயிரம் புள்ளியாக வரைய வேண்டும். இதற்குத் தீர்வாகப் புரொமீதியஸின் துணைக்கு வந்த தானோஸ் என்ற கருவி என்ன செய்கிறது தெரியுமா? பழைய தரவை முதலில் ஐந்து நிமிட மதிப்பாகவும், பிறகு ஒரு மணி நேர மதிப்பாகவும் சுருக்குகிறது. சுற்றிச் சுற்றி மறுபடியும் ஐந்து நிமிடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு: தானோஸ் ஒவ்வொரு துண்டுக்கும் கூட்டுத்தொகை, எண்ணிக்கை, குறைந்தது, கூடியது எல்லாவற்றையும் சேர்த்தே வைக்கிறது. ஆர்ஆர்டியில் நாம் மறந்துவிடும் உச்ச அடுக்கை இங்கே யாரும் கேட்காமலே போட்டுவைத்திருக்கிறார்கள். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்வேன்.

கிராஃபானாவில் இதைவிட நுட்பமான ஒரு பொறி இருக்கிறது. புரொமீதியஸில் வேகத்தைக் கணக்கிட ரேட் என்ற செயல்கூறு. அதற்கு எத்தனை நிமிடச் சாளரம் என்று சொல்ல வேண்டும். பலரும் ஐந்து நிமிடம் என்று எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆறு மணி நேரப் படத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு மாதப் படத்துக்கு விரித்தால் கிராஃபானா புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை ஒரு மணி நேரம் என்று ஆக்கிக்கொள்ளலாம். அப்போது ஒவ்வொரு புள்ளியும் அந்த மணி நேரத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் காட்டும். மீதி 55 நிமிடம் படத்திலேயே இல்லை. மணிக்கு ஒருமுறை பத்தாவது நிமிடத்தில் ஓடும் பெரிய பேக்கப் ஒன்று இருந்தால், அது மாதப் படத்தில் அடையாளமே இல்லாமல் காணாமல்போகும். ஆர்ஆர்டி தட்டையாக்கியாவது காட்டியிருக்கும். சாளரத்தைப் படத்தின் அகலத்துக்கு ஏற்ப மாற்றும் மாறி ஒன்று கிராஃபானா 7.2லிருந்து இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் பலகைகளில் எது எந்த முறையில் எழுதப்பட்டது என்று திறந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

ஒரே சரிவு, இரண்டு வாசிப்பு

கவுண்ட்டர் என்பது ஏறிக்கொண்டே போகும் எண். திடீரென்று அது முன்பைவிடச் சிறிய எண்ணைக் காட்டினால் காரணம் இரண்டில் ஒன்று. எல்லையைத் தொட்டுச் சுழியிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கலாம். அல்லது சாதனமே அணைந்து எழுந்திருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. இங்கே பழைய கருவியும் புதிய கருவியும் நேர் எதிராக ஊகிக்கின்றன.

ஆர்ஆர்டிடூலின் கவுண்ட்டர் வகை, எல்லையைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. 32 பிட் கவுண்ட்டரின் எல்லை சுமார் 429 கோடி பைட். 100 மெகாபிட் வேகத்தில் ஆறு நிமிடத்துக்குள் அது நிரம்பிவிடும் என்பதால் அந்தக் காலத்துக்கு அது நியாயமான ஊகம். ஆனால் 64 பிட் கவுண்ட்டர் உள்ள ரவுட்டர் ஒன்று மின்தடையில் அணைந்து எழுந்தால், ஆர்ஆர்டி 64 பிட் எல்லையைக் கூட்டிக் கணக்குப் போடும். அந்த ஐந்து நிமிடத்தில் இணைப்பின் கொள்ளளவைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு ஓடியதாக ஒரு கூர்முனை எழும்பும். அதன் உயரத்துக்கு ஏற்ப அச்சு மாறுவதால், மற்ற நாள்களின் போக்குவரத்தெல்லாம் தரையோடு ஒட்டிய ஒரு கோடாகிவிடும். காக்டியோடு கூர்முனைகளை நீக்குவதற்கென்றே ஒரு நிரல் வருகிறதென்றால் இது எவ்வளவு பேரை வாட்டியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிகபட்ச மதிப்பு இவ்வளவுதான் என்று கோப்பிலேயே எழுதிவைத்தால், அதைத் தாண்டிய மதிப்பைத் தெரியாதது என்று ஒதுக்கிவிடும். கவுண்ட்டர் வகைக்குப் பதிலாக, சரிவை எதிர்மறை வேகமாகவே கணக்கிடும் டெரைவ் வகையை எடுத்துக் குறைந்தபட்சம் சுழி என்று வைப்பது இன்னொரு வழி.

புரொமீதியஸ் எந்தச் சரிவையும் மறுதொடக்கம் என்றே வாசிக்கிறது. கூர்முனை வராது. ஆனால் 32 பிட் கவுண்ட்டரை அதனிடம் கொடுத்தால், எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போக்குவரத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கூர்முனையாவது கண்ணில் படும், விழுங்கியது படாது.

இரண்டுக்கும் பொதுவான பாடம், 64 பிட் கவுண்ட்டரைக் கேளுங்கள் என்பதே. ஒரு கிகாபிட் வேகத்தில் 32 பிட் கவுண்ட்டர் 34 நொடியில் சுற்றிவிடும்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவனுக்கு அது எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியவே தெரியாது. படம் 114 மெகாபிட்டுக்கு மேல் ஏறவே மறுக்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எஸ்என்எம்பி முதல் பதிப்பில் 64 பிட் கவுண்ட்டரே கிடையாது; 2சி அல்லது 3 வேண்டும். கருவி புதிதாக இருந்தாலும் இந்தப் பழைய அமைப்பு அப்படியே நகலெடுக்கப்பட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தெரியாததைப் பற்றி. ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்று வையுங்கள். எம்ஆர்டிஜியின் இயல்பான நடத்தை, கடைசியாகக் கண்ட மதிப்பையே திரும்ப எழுதுவது. சாதனம் செத்துக் கிடக்கும். படத்தில் போக்குவரத்து ஆடாமல் அசையாமல் நேர்கோடாக ஓடிக்கொண்டிருக்கும். நேர்கோட்டில் ஓடும் போக்குவரத்து உலகத்தில் கிடையாது என்று தெரிந்த கண்ணுக்கு அதுவே எச்சரிக்கை. தெரியாத கண்ணுக்கு எல்லாம் நலம். வேண்டுமானால் சுழி என்று எழுதச் சொல்லலாம். அதுவும் ஒரு பொய்தான், கொஞ்சம் நாகரிகமான பொய். ஆர்ஆர்டிடூல் இதில் நேர்மையானது. குறித்த நேரத்துக்குள் மதிப்பு வராவிட்டால் தெரியாதது என்று பதிந்து, கோட்டை அறுத்துவிடும். கிராஃபானாவும் இடைவெளியை இடைவெளியாகவே விட முடியும். ஆனால் வெற்றிடங்களை இணைத்துக் கோடு போடும் தெரிவு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. பலகை அழகாகத் தெரிய வேண்டும் என்று அதை இயக்கிவைப்பவர்கள் மேல் எனக்கு உள்ள கோபத்தை இங்கே எழுதினால் கட்டுரை நீண்டுவிடும்.

பதினைந்து நொடி ஆசை

பத்து நொடி மட்டும் ஒரு கிகாபிட் இணைப்பு முழுதாக நிரம்பி, மீதி நேரம் சும்மா இருந்தால் ஐந்து நிமிடச் சராசரி 33 மெகாபிட் என்று காட்டும். குரல் அழைப்பு அறுந்ததற்கான தடயம் அதற்குள் புதைந்துவிடும். எனவே 15 நொடிக்கு ஒருமுறை கேட்போம் என்பது இயல்பான ஆசை. புதிய கருவிகளுக்கு மாறச் சொல்பவர்களின் வலுவான வாதமும் இதுதான். ஓரளவுக்கு நானும் ஏற்கிறேன்.

ஆனால் மறுமுனையில் இருக்கும் சுவிட்ச் அதற்குத் தயாரா என்று யாரும் கேட்பதில்லை. பல சாதனங்கள் எஸ்என்எம்பிக்குச் சொல்லும் கவுண்ட்டரை நொடிக்கு நொடி புதுப்பிப்பதில்லை. உள்ளே ஒரு நகலை வைத்துக்கொண்டு சில நொடிகளுக்கு ஒருமுறை மாற்றுகின்றன. அந்த நகல் பத்து நொடிக்கு ஒருமுறை மாறுகிறது, நாம் 15 நொடிக்கு ஒருமுறை கேட்கிறோம் என்று கொள்வோம். ஒரு கேள்விக்குள் ஒரு மாற்றம் விழும். அடுத்த கேள்விக்குள் இரண்டு விழும். சீராக 900 மெகாபிட் ஓடும் இணைப்பு, படத்தில் 600க்கும் 1,200க்கும் இடையே ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். ஒரு கிகாபிட் போர்ட்டில் 1,200 மெகாபிட். இப்படி ஒரு படத்தைக் காட்டி, சுவிட்சில் கோளாறு என்று புகார் எழுதத் தயாராக இருந்த ஒருவரை நான் தடுத்திருக்கிறேன். இடைவெளியை ஒரு நிமிடமாக்கினோம். ரம்பம் பெருமளவு மழுங்கிவிட்டது.

இன்னொன்று, சுவிட்சின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கும் செயலி பெரும்பாலும் எளியது. எல்லாப் போர்ட்டுகளின் எல்லா எண்களையும் அள்ளிக்கொடு என்றால் மூச்சு வாங்கும். புரொமீதியஸின் காத்திருப்பு நேரம் வழக்கமாகப் பத்து நொடி; பல அட்டைகள் செருகிய பெரிய சேஸிஸ் சுவிட்ச் ஒன்று அதற்குள் பதிலை முடிக்காமல் போகலாம். அப்போது படம் விட்டுவிட்டு வரும், பழி புரொமீதியஸ்மேல் விழும். கேட்பதைக் குறைத்தால் சரியாகிவிடும்.

போக்குவரத்து கணநேரம் பொங்கி அடங்கும் உண்மையான நுண்வெடிப்புகள் மில்லிநொடிக் கணக்கில் நிகழ்பவை. 15 நொடியும் அவற்றுக்கு யுகம்தான். அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைப் பார்க்காதீர்கள். போர்ட்டிலிருந்து வெளியே போக முடியாமல் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் கவுண்ட்டரைப் பாருங்கள். அது ஏறினால் எப்போதோ நிரம்பி வழிந்திருக்கிறது என்று பொருள். அதை எம்ஆர்டிஜியிலும் வரையலாம், புரொமீதியஸிலும் வரையலாம். மிகச் சிலரே வரைகிறார்கள். சாதனமே தன் கணக்கைத் தானே நேரக்குறிப்போடு அனுப்பும் ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி, அதாவது ஜிஎன்எம்ஐ போன்றவை, ரம்பப் பல் சிக்கலை வேரோடு தீர்க்கின்றன. புதிய, பெரிய சாதனங்கள் உள்ளவர்களுக்கு அது நல்ல வழி.

பெயர் மாறும் போர்ட்டுகள்

எல்லாக் கருவிகளையும் சமமாக ஏமாற்றுவது இது. எஸ்என்எம்பி ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் எண் தருகிறது. மறுதொடக்கத்துக்குப் பிறகும் அந்த எண் அப்படியே இருக்கும் என்று உறுதி இல்லை. ரவுட்டரில் புதிதாக ஓர் அட்டையைச் செருகி அணைத்து எழுப்பினால், 7ஆக இருந்த அப்லிங்க் (மேல்நிலை இணைப்புக்குப் போகும் போர்ட்) 11ஆகிவிடலாம். எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய அமைப்பு, யாருமற்ற ஏதோ ஒரு போர்ட்டை அப்லிங்க் என்ற தலைப்பில் வரைந்துகொண்டிருக்கும். வரைபடம் நிற்காது, பிழைச் செய்தி வராது. எம்ஆர்டிஜியின் அமைப்புக் கோப்பை உருவாக்கும்போதே எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கொண்டு போர்ட்டை அடையாளம் காணச் சொல்ல முடியும். காக்டியில் எண்களைப் போர்ட்டுகளோடு மீண்டும் பொருத்தும் மறு அட்டவணையிடல் உண்டு.

புரொமீதியஸ் பாணியில் பெயரையும், போர்ட்டின்மேல் நாம் எழுதிவைத்த விளக்கத்தையும் லேபிளாகச் சேர்த்துவிடலாம். 'அப்லிங்க் என்று விளக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் கூட்டு' என்று ஒரே வரியில் கேட்க முடிவது பெரிய சுகம். இருபது சுவிட்சுகளில் பரவியிருக்கும் அப்லிங்க்குகளைக் காக்டியில் ஒரே படத்தில் கூட்டிக்காட்ட முயன்றவர்களுக்கு இந்தச் சுகத்தின் அருமை தெரியும். ஆனால் யாரோ விளக்கத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினால் அந்தத் தொடர் அங்கேயே முடிந்து புதிய தொடர் தொடங்கும். வரைபடம் இரண்டு நிறத்தில் உடைந்து நிற்கும். ஆர்ஆர்டி கோப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. தலைப்பு மாறினாலும் கோப்பு அதே கோப்பு.

இணைப்புக்கு 95ஆம் சதமான முறையில் பணம் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 30 நாள் மாதத்தில் 8,640 ஐந்து நிமிட மதிப்புகள். மேலே உள்ள 432ஐ, அதாவது 36 மணி நேரத்தை, நீக்கிவிட்டு எஞ்சியதில் பெரியதற்குக் கட்டணம். இதைச் சரிபார்க்க ஐந்து நிமிட மதிப்புகள் மாதம் முழுவதும் சுருங்காமல் இருக்க வேண்டும். எம்ஆர்டிஜியின் இரண்டு நாள் அடுக்கு உதவாது. 15 நொடி மதிப்புகளை அப்படியே வைத்துக் கணக்கிட்டால் விடை வேறாக வரும். ஐந்து நிமிடமாகக் கூட்டிய பிறகுதான் கணக்கிட வேண்டும். லிப்ரெஎன்எம்எஸ் இதற்கென்று தனிப் பகுதியே வைத்திருக்கிறது.

யார் அந்தப் போக்குவரத்தை உண்டாக்கியது என்ற கேள்விக்கு மேலே சொன்ன எதுவும் விடை தராது. அதற்கு, யார் யாரோடு பேசினார்கள் என்று சாதனம் அனுப்பும் நெட்ஃப்ளோ, எஸ்ஃப்ளோ பதிவுகள், அவற்றைப் படிக்கும் என்எஃப்டம்ப், என்டாப் வகைக் கருவிகள். அது வேறு கட்டுரை.

என்னிடம் கேட்டால், நெட்வொர்க் சாதனங்கள் மட்டுமே உள்ள, ஓரிருவர் கவனிக்கும் இடத்துக்கு லிப்ரெஎன்எம்எஸ் போதும் என்பேன். சாதனங்களைத் தானே கண்டுபிடிக்கும், 64 பிட் கவுண்ட்டரைத் தானே கேட்கும், அடியில் பழைய ஆர்ஆர்டியின் அமைதி. ஏற்கெனவே சர்வர்களுக்குப் புரொமீதியஸ் ஓடும் இடத்தில் நெட்வொர்க்குக்கு மட்டும் வேறொரு தீவை உருவாக்குவது வீண். எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டரைச் சேர்த்து, கெடுவை ஓராண்டாக்கி, இடைவெளியை ஒரு நிமிடமாக வைத்தால் நன்றாக ஓடும். ஒரே ஓர் இணைப்பை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் எம்ஆர்டிஜி இன்றும் வெட்கப்படத் தேவையில்லாத தெரிவு. காக்டியைப் புதிதாக நிறுவ இன்று யாருக்கும் சொல்லமாட்டேன். நன்றாக ஓடுவதைப் பிடுங்கவும் சொல்லமாட்டேன். ஒரே நிபந்தனை, பதிப்பைப் புதுப்பித்து வைத்திருங்கள். 2022 இறுதியில் அதில் வெளிப்பட்ட ஓட்டை, உள்நுழையாமலே சர்வரில் கட்டளையை ஓட்ட வழிவிட்டது. கிராஃபானாவும் யோக்கியம் இல்லை: 2021 டிசம்பரில் வெளியான ஓட்டை சர்வரின் கோப்புகளை வெளியாரைப் படிக்கவிட்டது. இரண்டையும் திறந்த இணையத்தில் வைக்காதீர்கள்.

மாறுவதென்று முடிவு செய்தால் கொஞ்ச காலம் இரண்டையும் ஒரே சாதனத்தின்மேல் ஓடவிடுங்கள். ஒரே போர்ட்டின் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் எண்கள் ஒத்துப்போகாது. ஒன்று பைட்டில் இருக்கும், மற்றொன்று பிட்டில். அல்லது ஒன்று ஆயிரத்தால் வகுக்கும், மற்றொன்று 1,024ஆல். அந்த வித்தியாசத்தின் காரணம் தெரியும்வரை பழையதை அணைக்காதீர்கள். அணைக்கும் நாளில் ஆர்ஆர்டி கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம். அவை உருவான செயலி வகைக்குக் கட்டுப்பட்டவை, வேறு வகைக் கணினியில் திறக்காமல் போகலாம். டம்ப் கட்டளையால் எக்ஸ்எம்எல்லாக மாற்றி, சுருக்கி, பேக்கப்போடு சேர்த்துவையுங்கள். எந்தக் கோப்பு எந்தப் போர்ட் என்ற பட்டியல் காக்டியின் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் ஆயிரம் எக்ஸ்எம்எல் கோப்புகளில் எது அப்லிங்க் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.